பட்டியலின் ஒன்பதாவது வரி

டாக்டரைப் பார்க்க இன்னும் நாற்பத்தாறு மணி நேரம் இருந்தது. சனிக்கிழமை, நண்பகல் பன்னிரண்டு. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பழைய கட்டடத்தின் மாடிப்படியில் நானும் அண்ணனும் ஏறிக்கொண்டிருந்தோம். அண்ணன் முன்னால் போனான். அவனுடைய இடது கையில் பட்டியல் இருந்தது. வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அதை இடது கையால் எடுத்து உள்ளே வைத்துக்கொள்வான். பார்ப்பவர்களுக்கு ஸ்டைலாக நடக்கிறவன்போலத் தெரியும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் அவனிடம் என்ன சொல்லப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கையின் விரல்கள் இனி அசையாது. அதைக் காட்டிய பரிசோதனையை எடுத்தது நான்தான்.

அண்ணன் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். நான்கு மாதங்களுக்கு முன் ஏணி சறுக்கியபோது, விழாமலிருக்க மேலே இருந்த இரும்புச் சட்டத்தை வலது கையால் எட்டிப் பிடித்தான். உடம்பின் மொத்த எடையும் அந்த ஒரு கையில் தொங்கியது. கீழே இருந்தவர்கள் ஓடி வந்து காலைப் பிடித்து இறக்கும்வரை பிடியை விடவில்லை. எலும்பு முறியவில்லை. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. தோள் சுழல்கிறது, முழங்கை மடங்குகிறது. விரல்கள் மட்டும் அன்றைக்கே நின்றுவிட்டன. "பிடிச்சதாலதான் பொழச்சான்" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

நான் இயற்பியல் படித்தவள். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நரம்புப் பரிசோதனை எடுக்கிறேன். நரம்பில் ஓரிடத்தில் லேசாக மின்சாரம் கொடுத்து, இன்னோரிடத்தில் அது வந்து சேருகிறதா என்று பார்க்கிற வேலை. அதனால் அண்ணன் என்னை ஷாக் என்று கூப்பிடுவான். அந்த ஆஸ்பத்திரியில் இந்த மெஷினைத் தொடுவது நான் ஒருத்திதான். எனவே பதினோரு நாட்களுக்கு முன் அவனும் என் முன்னால்தான் வந்து உட்கார்ந்தான்.

"ஏய் ஷாக், சொந்த அண்ணன்னு பார்க்காம முழு வோல்டேஜும் வச்சுடாதே. சின்ன வயசுல உன் சைக்கிளை எடுத்ததுக்கெல்லாம் இப்ப பழி வாங்கக் கூடாது."

தசைக்குப் போகும் நரம்புகளை முதலில் பார்த்தேன். திரையில் வெறும் கோடு. அடுத்து சுண்டு விரலில் இரண்டு வளையங்களை மாட்டி, உணர்வு நரம்பைப் பார்த்தேன். அலை வந்தது.

"வந்துடுச்சு! ஷாக், அங்க பார், அலை!"

"விரல்ல ஏதாவது தெரியுதா அண்ணா?"

"இல்ல. எனக்குத் தெரியலைன்னா என்ன, மெஷினுக்குத் தெரிஞ்சுடுச்சே! நான் பின்னாடியே வந்துடுவேன்."

அந்த அலை சரியான உயரத்தில், சரியான நேரத்தில், பாடப் புத்தகத்தில் அச்சிட்டதுபோல இருந்தது. உணர்வே இல்லாத விரலில் அவ்வளவு நல்ல அலை வரக் கூடாது. மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் வந்தது. மூன்று முறையும் அவன் சிரித்தான். கடைசி முறை திரையை போனில் படம் எடுத்துக்கொண்டான்.

டாக்டர் வெளியூரில் இருந்தார். அனுப்பியதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "நீங்க நினைக்கிறது சரிதாம்மா. ஸ்கேனும் அதையேதான் சொல்லுது. நீங்க எதுவும் சொல்லிட வேண்டாம், நான் வந்து சொல்லிக்கிறேன்." பரிசோதனை எடுப்பவர் முடிவைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வேலையின் விதி. நான் இயல்பாகவே வாய் திறக்காதவள். வாய் திறக்காமலிருக்க ஒரு விதியும் கிடைத்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

அன்று சாயங்காலமே அண்ணன் சொந்தக் கம்ப்யூட்டருக்கான பட்டியலை எழுதத் தொடங்கினான்.

அதுவரை அவன் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, கேம் சென்டரில்தான் விளையாடிக்கொண்டிருந்தான். துப்பாக்கி விளையாட்டு. ஐந்து பேர் கொண்ட குழுவில், தூரத்திலிருந்து குறி பார்த்துச் சுடுகிறவன் இவன். விபத்துக்குப் பிறகு அந்த நான்கு பேர் பெயரை எடுத்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான். அலை வந்த அன்று, அந்தப் படத்தை அவர்களுக்கு அனுப்பினான். "ஆறு மாசம். நானே சொந்தமா மெஷின் கட்டிட்டு வர்றேன்டா" என்று சத்தமாகப் பேசி அனுப்பினான். அந்தப் படம் இப்போது அவன் போனின் முகப்பில் இருக்கிறது. புதுக் கம்ப்யூட்டரிலும் திரை முழுக்க அதையே வைக்கப்போகிறானாம்.

கிடங்கு கொடுத்த தொகையில் ஆஸ்பத்திரிச் செலவு போக மிஞ்சியதுதான் கையிருப்பு. அதற்குமேல் ஒன்றும் கிடையாது. அதனால் பட்டியல் பதினான்கு முறை மாறியது. அவனுடைய கணக்கு இது: கையிருப்பில் ஏறக்குறைய பாதி கிராபிக்ஸ் கார்டுக்கு. மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கஞ்சத்தனம் கூடாது, மட்டமானது வெடித்தால் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். கேபினெட் தகர டப்பாவாக இருந்தாலும் போதும். மதர்போர்டு பழசாக இருக்கலாம், ஆனால் பின்னால் இதைவிடப் பெரிய பிராசசரைத் தாங்க வேண்டும்.

பின்னால் என்ற சொல் அந்தக் காகிதத்தில் நான்கு இடங்களில் இருந்தது. இடது கையால் எழுதிப் பழகாததால் எழுத்துகள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையுடையதுபோல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன.

ஒன்பதாவது வரி மவுஸ். அதன் பக்கத்தில் நான் ஒரு நாள், "இரண்டு கைக்கும் பொதுவானது" என்று எழுதி வைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். மறுநாள் பார்த்தபோது அதன்மேல் கோடு இழுத்திருந்தான். கீழே பெரிதாக, கோணலாக, "வலது".

கடை இரண்டாம் மாடிக் கோடியில் இருந்தது. கடைக்காரர் நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியை வார் போட்டு மாட்டியிருப்பார். எல்லோருக்கும் அவர் லென்ஸ்தான். சுவரோரம் பழைய போர்டுகள் புத்தகங்களைப்போல நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன.

"வாப்பா. போன வாரம் மூணு மணி நேரம் உட்கார்ந்து விலை கேட்டியே, அந்தப் புண்ணியவான்தானே நீ?"

"இன்னைக்கு வாங்கிடறேன் லென்ஸ் அண்ணே."

"இப்படித் திடீர்னு சொல்லாதே, நெஞ்சடைச்சுடும் எனக்கு." என்னைப் பார்த்தார். "தங்கச்சியா? இது பேசுமா?"

"பேசினா வரி போட்டுடுவாங்கன்னு பயம் அவளுக்கு" என்றான் அண்ணன்.

பிராசசர், ரேம், எஸ்.எஸ்.டி. மூன்றும் கால் மணி நேரத்தில் முடிந்தன. கிராபிக்ஸ் கார்டில்தான் நின்றது. அதே விலைக்கு, பெரியதாக ஒரு பழைய கார்டும் சிறியதாக ஒரு புதுக் கார்டும் இருந்தன. அண்ணன் பழையதை இடது கையில் ஏந்தித் திருப்பிப் பார்த்தான்.

"ஷாக், இதை மோந்து பார்."

முகர்ந்தேன். சூட்டில் காய்ந்த தூசியும் லேசான எண்ணெயும் கலந்த வாசனை.

"ராப்பகலா ஓட்டியிருக்காங்க" என்றான்.

"கொஞ்சம்தான் ஓடியிருக்கு" என்றார் லென்ஸ். "ஒரு வயசான டீச்சரோட கார்டு. பரீட்சைப் பேப்பர் மட்டும் அடிப்பாங்க."

"பரீட்சைப் பேப்பர் அடிக்கறதுக்கு மூணு ஃபேன் வச்ச கார்டா? டீச்சர் ராக்கெட் விட்டாங்களா?"

லென்ஸ் சத்தம் போட்டுச் சிரித்தார். அண்ணனும் சிரித்தான். நான்கு மாதங்களாக வீட்டில் கேட்காத சிரிப்பு. புதுக் கார்டை எடுத்துக்கொண்டோம். எஸ்.எம்.பி.எஸ், தேவைக்குமேல் பெரியது, பின்னால் தேவைப்படும் என்று. கேபினெட், தகர டப்பா. மானிட்டர், காட்சிக்கு வைத்திருந்தது.

பிறகு போர்டு. லென்ஸ் பழையது ஒன்றை மேசையில் வைத்தார்.

"எல்லாம் வேலை செய்யும். கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போ."

"கண்ணைத் திறந்துக்கிட்டே ஓட்டிக் காட்டுங்க."

லென்ஸ் முனகிக்கொண்டே பிராசசரையும் ரேமையும் பொருத்தி மின்சாரம் கொடுத்தார். திரை வந்தது. அண்ணன் அத்துடன் விடவில்லை. சூட்டைத் தணிக்கும் சின்னக் காற்றாடி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் கேபிளை போர்டில் அதற்கான இணைப்புகள் ஒவ்வொன்றிலும் மாட்டிப் பார்க்கச் சொன்னான். அவன் விரலால் காட்டினான், நான் மாட்டினேன். முதலாவதில் சுழன்றது. இரண்டாவதில் சுழன்றது. மூன்றாவதில் சும்மா இருந்தது.

"கேபிள் போயிருக்கும்" என்றார் லென்ஸ் அவசரமாக.

"ஷாக், அதே கேபிளைத் திரும்ப முதல்ல மாட்டு."

மாட்டினேன். சுழன்றது.

"பார்த்தீங்களா அண்ணே? கேபிள் உயிரோட இருக்கு. கேபிள் நல்லா இருந்தும் சுத்தலைன்னா, கோளாறு போர்டுலன்னு அர்த்தம்."

லென்ஸ் கண்ணாடியை இறக்கிவிட்டுக் குனிந்தார். "ஆமாப்பா. யாரோ முரட்டுத்தனமா இழுத்திருக்கான். பின் கம்பி மட்டும் மேலே நிக்குது. கீழே தடத்தோட பிடுங்கிக்கிச்சு."

"ஒட்ட முடியாதா?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கடையில் நான் பேசிய முதல் வார்த்தை அது.

"கேபிள் நடுவுல அறுந்திருந்தா ஒட்டிக் கொடுத்துடுவேன்மா" என்றார் லென்ஸ். "இது போர்டுக்குள்ள வேரோட வந்துடுச்சு. எதோட எதை ஒட்ட?"

அண்ணனுக்குச் சந்தோஷம். ஓர் இணைப்பு போனால் அவனுக்கு ஒன்றுமில்லை, மீதி இரண்டு போதும். அதைக் காட்டி விலையை நன்றாகக் குறைத்தான். பட்டியலில் எட்டு வரிகள் முடிந்தன. மிஞ்சியதை வாய்க்குள் முணுமுணுத்துக் கணக்குப் போட்டுவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் கை காட்டினான்.

"அண்ணே, அந்தக் கறுப்பு மவுஸ்."

வலது கையின் வடிவத்துக்கே வார்த்தது. உள்ளங்கைக்கு மேடு, கட்டை விரலுக்குப் பள்ளம், பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள். இடது கையில் அதைப் பிடிக்கவே முடியாது. லென்ஸ் காட்சிக்கு வைத்திருந்ததை மேசையில் வைத்தார். புதியது ஒன்றையும் உறையோடு எடுத்துப் போட்டார்.

"இதோட கையிருப்பு காலியா?" என்றார்.

"சுத்தமா."

"அப்போ ஒண்ணு சொல்லிடறேன். உறையைக் கிழிச்சா திருப்பி எடுக்க மாட்டேன். அப்புறம் வந்து அண்ணேன்னு நிக்காதே."

"எதுக்குத் திருப்பப்போறேன்?"

அண்ணன் பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்தான். முழங்கையை மடக்கி அதை மேசைமேல் கொண்டுவந்தான். பிறகு இடது கையால் ஒவ்வொரு விரலாக எடுத்து, காட்சி மவுஸின்மேல் வைத்தான். கட்டை விரலைப் பள்ளத்தில் வைத்தான். ஆள்காட்டி விரல் நழுவியது. மறுபடியும் எடுத்து வைத்தான். லென்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கை ஸ்டைலுக்காகப் பைக்குள் இருக்கவில்லை என்று.

"சும்மா அளவு பார்க்கறேன் அண்ணே" என்றான் அண்ணன். "ஆறு மாசம் ஆகும். கரெக்டா இருக்கு, பார் ஷாக். எனக்குன்னே செஞ்ச மாதிரி."

புதிய மவுஸை என் பக்கம் தள்ளினான். தடித்த பிளாஸ்டிக் உறை. அதைக் கிழிக்க இரண்டு கை வேண்டும்.

"கிழி."

நான் அதைக் கையில் எடுத்தேன். ஓரத்தில் கிழிப்பதற்காக ஒரு சின்ன வெட்டு இருந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்கு டாக்டர் சொல்வார். பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு அண்ணனுக்கு இந்த மேசை நினைவுக்கு வரும். பக்கத்தில் நான் நின்றது நினைவுக்கு வரும். அலையைப் பார்த்து அவன் சிரித்த மூன்று முறையும் நினைவுக்கு வரும்.

"என்ன ஷாக், பல்லால கிழிக்கவா? கொடு."

"அண்ணா."

"ம்?"

"வேண்டாம். இதைக் கிழிக்க வேண்டாம்."

"ஏன், விலை அதிகமா? மீதியெல்லாம் குறைச்சுட்டேன்ல?"

"விலை இல்ல. அந்த அலை..."

"எந்த அலை?" அவன் போனை எடுத்தான். முகப்பில் அது இருந்தது. மேலே ஏறி, கீழே இறங்கி, பாடப் புத்தகத்தில் இருப்பதுபோல. "இதுவா? இதுக்கென்ன? நல்லாத்தானே வந்திருக்கு?"

"நல்லா வந்ததுதான் கெட்டது, அண்ணா."

அவன் புரியாமல் சிரித்தான். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"இப்ப நீயே சொன்னியே, கேபிள் நல்லா இருந்தும் சுத்தலைன்னான்னு. அந்த அலை, கேபிள் நல்லா இருக்குன்னு மட்டும்தான் சொல்லுது. சுண்டு விரல்ல இருந்து தோள் வரைக்கும் நரம்பு அறுபடல. நடுவுல அறுந்திருந்தா அலையே வந்திருக்காது. தைச்சாவது பார்த்திருப்பாங்க. உனக்குக் கழண்டது மேல, கழுத்துக்குள்ள. தண்டுவடத்துல இருந்து வேரோட வந்துடுச்சு."

லென்ஸ் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். போர்டில் காற்றாடி இன்னும் சுழன்றுகொண்டிருந்தது. அண்ணன் மவுஸின்மேல் கிடந்த விரல்களைப் பார்த்தான். ஆள்காட்டி விரல் மறுபடியும் நழுவியிருந்தது. இந்த முறை அவன் அதை எடுத்து வைக்கவில்லை.

"ஒட்ட முடியாதா?" என்று கேட்டான்.

"முடியாது. கை வராது, அண்ணா."