தராசுக்குள் இருந்த பேட்டரி

என் கணவர் ஹென்னிங்குக்கு ஒரு வியாதி உண்டு. படுக்கப் போகும்முன், கம்ப்யூட்டர் செருகியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஸ்விட்சைக் கால் கட்டைவிரலால் அமுக்கி அணைத்துவிடுவார். ஜெர்மனியில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே பழக்கம்தான். ஆனால் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர் இவர் ஒருவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டேன். துவக்குவதற்கு டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி. அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே வரி. எங்கள் ஊர்க்காரர்களே சம்பளமில்லாமல் நடத்தும் தீயணைப்புக் குழுவின் வரலாறு அதற்குள் இருந்தது. நாலு வருடம் கிழவர்களின் சமையலறைகளில் உட்கார்ந்து கேட்டு எழுதியது. சொன்னவர்களில் மூன்று பேர் இப்போது இல்லை. அன்று மாலைக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். வேறு நகல் கிடையாது, அது என் சோம்பல்.

ஞாயிற்றுக்கிழமை கேக் ஹென்னிங்கின் பொறுப்பு. மாவை கிராம் பிசகாமல் நிறுத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, டிஸ்க் செத்துவிட்டது என்று டாக்டர் மாதிரி சொல்லிவிட்டு மாவுக்கே திரும்பினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

எதிர்வீட்டு இம்கேயைக் கூப்பிட்டேன். நகர நூலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். சமீபத்தில் ஏதாவது வித்தியாசமாக இருந்ததா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, தினமும் காலையில் கடிகாரம் பின்தங்கியிருக்கும், காபி குடித்துக்கொண்டே திருத்திவிடுவேன் என்றேன்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"மூணு மாசமா திருத்துறீங்க, ஏன்னு யோசிக்கவே இல்லையா?"

"மணி தப்பா இருந்தா திருத்தணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

அவள் பெட்டியைத் திறந்து, காசு அளவிலான ஒரு பேட்டரியைக் காட்டினாள். கரண்ட் இல்லாதபோது மணியையும், எந்த டிஸ்கிலிருந்து துவங்குவது என்பதையும் நினைவில் வைத்திருப்பது அதுதானாம். எங்கள் வீட்டில் ராத்திரிதோறும் காவல் காத்துக் காத்து அது தீர்ந்துபோயிருந்தது. டிஸ்க் பிழைத்திருக்கலாம் என்றாள்.

வாசலில் நின்ற ஹென்னிங், "கரண்ட்டை மிச்சம் பண்றது ஒரு தப்பா?" என்றார். இம்கே தீர்ந்த பேட்டரியைக் கழற்றி எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் எந்தக் கடை திறந்திருக்கும்? சமையலறைத் தராசில் இதே பேட்டரிதான் இருக்கும் என்றாள் இம்கே. போய் மாவுக் கிண்ணத்தை இறக்கி வைத்துவிட்டுத் தராசைக் கவிழ்த்தேன்.

"இன்னும் சர்க்கரை நிறுக்கல," என்றார் ஹென்னிங்.

"கண்ணால பாத்துப் போடுங்க."

முப்பது வருடத்தில் அவரிடம் இதைவிடக் கடுமையாக நான் பேசியதில்லை.

இம்கே பேட்டரியை மாட்டி, அமைப்புப் பக்கத்தில் டிஸ்கைத் தேர்ந்தெடுத்தாள். கம்ப்யூட்டர் திறந்தது. கிழவர்கள் அத்தனை பேரும், ஒரு பக்கம் குறையாமல், அங்கேயே இருந்தார்கள். அச்சகத்துக்கு அனுப்பினேன், இரண்டு நகல் எடுத்தேன், அப்புறம்தான் அழுதேன்.

கேக் செங்கல்லாக வந்திருந்தது. சர்க்கரை வேறு தொண்டையை அடைத்தது. இம்கே ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டாள். எங்கள் வீட்டில் மன்னிப்பு கேட்கும் வழக்கம் கிடையாது. ஹென்னிங் தலை நிமிராமல் மூன்று துண்டு தின்றார்.