சரிபார்த்தவர்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவள்தான் கடைக்குட்டி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாற்பது கண்ணாடித் தட்டுகளைக் கவிழ்த்து வைக்காமல் சூட்டுப்பெட்டிக்குள் அடுக்கிவிட்டாள். மூடியில் கோத்த நீர் சொட்டி, வளர்ந்திருந்த கிருமிப் புள்ளிகள் எல்லாம் கலந்து கூழாகிவிட்டன. கூடத்தில் மூத்தவளான அக்கா தன் விடுமுறை நாளில் வந்து, கூடவே நின்று நாற்பதையும் மறுபடி செய்து கொடுத்தாள்.

“ஐ ஓ யூ ஒன், அக்கா. உங்களுக்குக் கடன்பட்டிருக்கேன்” என்றாள் அவள். அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்வது. போய்வருகிறேன் என்கிறவர்கள் எல்லாம் திரும்பியா வருகிறார்கள்?

அக்கா அதை மறக்கவில்லை.

நேற்று பள்ளிக்கூடத் தொட்டித் தண்ணீரின் தட்டுகளை எண்ண வேண்டியது அக்காவின் முறை. மகனுக்குக் காய்ச்சல் என்று போன் வந்ததும் வீட்டுக்கு ஓடியவள் அடியோடு மறந்துபோனாள். இன்று தட்டில் புள்ளிகள் இருந்தன. நேற்றே இருந்தனவா, அதற்குப் பிறகு முளைத்தவையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அக்கா பதிவேட்டில் நேற்றைய தேதிக்குப் பூஜ்யம் எழுதி, ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தைக் காட்டினாள். அந்தத் தொட்டியில் ஆறு மாதமாக ஒன்றும் வந்ததில்லையாம். ஏற்கெனவே கூடத்துத் தலைமை அதிகாரியான பெரியவரிடம் ஒரு மெமோ வாங்கியாயிற்று, இன்னொன்று வந்தால் கண்காணாத ஊருக்குத் தூக்கியடித்துவிடுவார்களாம்.

“உனக்காக நான் வந்தேன்ல? கடன்பட்டிருக்கேன்னு நீயாத்தானே சொன்னே. இப்பத் தீர்த்துடும்மா.”

அவள் பேனாவைத் திறந்தாள். மாதிரி எடுக்கப் போனபோது, குழாயில் வாய் வைத்துக் குடித்த பிள்ளைகளைப் பார்த்திருந்தாள். பேனாவை மூடினாள்.

“புதுசா மாதிரி எடுத்துட்டு வரேன். முடிவு வர ரெண்டு நாளாகும், அந்த ரெண்டு நாளும் உங்க முறையையும் நானே பார்க்கறேன், நீங்க தம்பியப் பாருங்க. பெரியவர் திட்டினா நானும் உங்க பக்கத்துல நிக்கறேன். இது மட்டும் வேணாங்கக்கா.”

“ஏத்திவிட்ட ஏணியையே எட்டி உதைக்கறே.”

அவள் நகரவில்லை.

அக்கா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பூஜ்யத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். எழுந்து நடந்தாள்.

பெரியவரின் அறையில் அக்கா பதிவேட்டை மேசைமேல் விரித்து வைத்தாள். கூடவே போன இளையவள் ஓரடி முன்னால் வந்தாள்.

“சார், பள்ளிக்கூடத்துத் தண்ணியை ரெண்டு நாளைக்குத் திறக்க வேணாம்னு அவங்ககிட்டச் சொல்லணும். ஏன்னு நாங்க ரெண்டு பேருமாச் சொல்றோம்.”