பெரிய மாப்பிள்ளையின் ஆறு பாட்டு

ஏழு வருஷமாக ஒரே டிவி தொடரில் பெரிய மாப்பிள்ளையாக நடித்தவருக்கு நாற்பத்தாறு வயதில் பாட்டு ஆசை பிடித்துக்கொண்டது. ஆறு பாட்டு, ஓர் ஆல்பம். தெருவில் எல்லோருமே அவரைப் பெரிய மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்தால் சரி. அந்த ஆறு பாட்டும் ஒலிப்பதிவாளரின் தலையில் வந்து விழுந்தன.

பதினெட்டு வருஷமாகக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் அவள். சுருதி பிசகுகிறவர்களைப் பார்க்காதவள் அல்ல. ஆனால் இவர் பிசகிய விதமே தனி. சோகமான வரி வந்ததும் சுருதியைக் கைகழுவிவிட்டு அழ ஆரம்பித்துவிடுவார். நிஜக் கண்ணீர்.

“சார், அழாம பாடுங்க.”

“உணர்ச்சி வேணாமாம்மா?”

“உணர்ச்சி இருக்கட்டும். முதல்ல சுருதி வரட்டும்.”

“அதெல்லாம் கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம்னு தயாரிப்பாளரே சொல்லிட்டார்.”

கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வது யாராம்? அவள்தான். பதினொரு நாள், ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து மேலே தூக்கினாள், கீழே இறக்கினாள். ஒரு ‘ஆ’வுக்கு மட்டும் முக்கால் மணி நேரம். கடைசியில் வீட்டில் அம்மா சாதாரணமாகப் பேசினாலும் எங்கே சுருதி இறங்குகிறது என்று காது தேடியது.

சரிசெய்த பாட்டைக் கேட்டு அவர் உருகிப்போனார். “எனக்குள்ள இப்படி ஒரு குரல் இருக்கறது எனக்கே தெரியாம போச்சே!”

‘எனக்கும்தான்’ என்று வாய்வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். விழுங்கியது தப்பாகிவிட்டது. வெளியீட்டு விழாவில் நேரடியாகவே பாடப்போவதாக அவர் அன்றே அறிவித்துவிட்டார்.

மறுநாள் அவரை உட்காரவைத்து, கை வைக்காத பழைய பதிவைப் போட்டுக் காட்டினாள்.

“இது மைக் கோளாறும்மா” என்றார்.

மைக்கை மாற்றிப் பாடவைத்தாள். அதே பிசகு. கேபிளை மாற்றினாள். அப்புறம் ஏசி சத்தம் என்றார், அதையும் அணைத்தாள். இருவரும் வேர்த்து ஒழுகியதுதான் மிச்சம்.

“பசியோட பாடினா இப்படித்தான்” என்று எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.

விழா அன்று அம்மாவும் தொற்றிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளையை நேரில் பார்த்தே ஆக வேண்டுமாம். அவர் பாட ஆரம்பித்தார். முதல் வரி தரையில் புரண்டது, இரண்டாவது கூரையில் முட்டியது. கீபோர்டுக்காரர் வாசிப்பதை மறந்து திரும்பிப் பார்த்தார். ஒலிக் கட்டுப்பாட்டு மேசையில் இருந்த அவள் அவர் குரலைக் குறைத்து வாத்தியத்தைக் கூட்டினாள். அவர் மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

முடிந்ததும் கைதட்டல் அரங்கைப் பிளந்தது.

“மாப்பிள்ளே, சின்ன மச்சினிய எப்ப மன்னிப்பீங்க?” என்று தொடர் ஞாபகத்திலேயே ஒரு பெண் கத்தினாள்.

“நல்லாத்தானே பாடினார்? நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே?” என்றாள் அம்மா.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தருக்கும் காதில்லை என்றால், பதினொரு நாள் எதற்காக முதுகு ஒடிய உட்கார்ந்தோம்?

கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவர் மேடையை விட்டு இறங்கி வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

“ரெண்டாவது வரில எங்கேயோ போயிட்டேன், இல்ல?”

“முதல் வரியிலேயே போயிட்டீங்க சார்.”

அவர் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். “எல்லாரும் சிரிச்ச முகமா இருந்தாங்க. நீங்க மட்டும் தலையில கை வெச்சிருந்தீங்க. அதப் பாத்த பிறகுதான் என் குரல் என் காதுலயே விழுந்துச்சு.” நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டு கேட்டார்: “கத்துக்க முடியுமாம்மா?”

“நான் பாட்டு வாத்தியார் இல்ல சார்.”

“தெரியும். ஆனா எனக்கு உண்மையச் சொல்றது நீங்க ஒருத்தர்தான்.”

அவளுக்குத் தூங்கினால் போதும் என்றிருந்தது. இந்த மனிதர் தன் உயிரை வாங்காமல் விடமாட்டார் என்று தோன்றியது. ஆனாலும் கீபோர்டுக்காரரை விட்டால், அரங்கில் அந்தப் பிசகைக் கேட்ட இன்னொரு ஜோடிக் காது அவருடையதுதான்.

“திங்கக்கிழமை காலையில, ஷூட்டிங்குக்கு முன்னாடி ஒரு மணி நேரம்” என்றாள். “ஒரே ஒரு ஸ்வரம். அது நிக்கற வரைக்கும் பாட்டு கிடையாது.”

வந்தார். ‘ச’ நேராக நிற்க மூன்று வாரம் ஆனது. நான்காவது வாரம் ஒரு மூச்சு முழுக்க ஆடாமல் நின்றது. அவர் கண் விரியக் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தார்.

அவள் மைக் பொத்தானை அழுத்திச் சொன்னாள்: “மறுபடியும்.”