மூடியைத் திறக்காமல் ஒரு வாரம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும். அழுகியதைப் பொடியாக நறுக்கி என் புழுக்களுக்கே போட்டுவிடுங்கள். நறுக்காமல் போட்டால் அவை தின்று முடிக்க நாளாகும். அதற்காகத்தான் சொல்கிறேன்.

நான் லிஃப்ட்காரன். உயரமான அலுவலகக் கட்டடம் ஒன்றில், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை கதவைத் திறந்தேன், மூடினேன். ‘மேலே’ என்றேன், ‘கீழே’ என்றேன். வேறொன்றும் செய்யவில்லை. ஓய்வு கொடுத்தவர்கள் எனக்கு மட்டும் கொடுத்தார்கள். என் கைக்குக் கொடுக்க மறந்துவிட்டார்கள். வீட்டிலும் அது திறந்துகொண்டும் மூடிக்கொண்டும் இருந்தது. அலமாரி, ஜன்னல், குளியலறை, ஃப்ரிட்ஜ். திறக்க எதுவும் மிச்சமில்லாதபோது உட்கார்ந்து காலாட்டினேன். குட்டி போட்ட பூனை என்னைப் பார்த்திருந்தால், “பெரியவரே, கொஞ்சம் சும்மா இருங்க” என்று சொல்லியிருக்கும்.

ஒருநாள் ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, என் மனைவி வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

“உள்ள யாரு நிக்கிறா, ஏத்திவிட?”

“சும்மா பாத்தேன்.”

“நீங்க சும்மா பாத்துப் பாத்தே பால் திரிஞ்சு போச்சு. ஏங்க, ஒண்ணு அந்தக் கையும் காலும் அடங்கணும். இல்ல, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போகணும்.”

“உங்க அக்காவுக்குத்தான் உன்னைக் கண்டா ஆகாதே.”

“ஆகாதுதான். ஆனா அவ காலாட்ட மாட்டா.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மாலையில் அவளுடைய துணிகள் மடித்து மடித்துக் கட்டிலில் அடுக்காக ஏறுவதைப் பார்த்ததும் விளையாட்டில்லை என்று தெரிந்தது. அவள் இல்லாத வீட்டில் நான் எத்தனை கதவைத் திறந்தாலும் உள்ளே யாரும் இருக்கப்போவதில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு செடிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் இளைஞர்தான், ஆனால் அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு செடி பூத்து உதிர்ந்துவிடும், அப்படி ஒரு நிதானம்.

“தம்பி, பக்கத்துல போய்த் தொந்தரவு பண்ணாம வளக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?”

“மண்புழு இருக்கு, ஐயா. காய்த்தோலைத் தின்னு உரமாக்கும்.”

பெட்டியைக் காட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டை போட்ட மூன்று தட்டுகள், மேலே மூடி, கீழே ஒரு குழாய். கீழ்த் தட்டில் தீனி தீர்ந்தால் புழுக்கள் தாமாகவே ஓட்டை வழியாக மேல் தட்டுக்கு ஏறிவிடுமாம். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆள் இல்லாமலே ஓடும் லிஃப்ட்!

“அட்டைப்பெட்டியைக் கிழிச்சு, நனைச்சு, நல்லாப் பிழிஞ்சு பரப்புங்க. ஒரு கைப்பிடி மண். ஒரு மூலையில கொஞ்சமா காய்த்தோல். அப்புறம் மூடி. ஒரு வாரத்துக்குத் திறக்காதீங்க. புது இடம், மிரண்டு போயிருக்கும்.”

“ஒரு வாரம்னா?”

“ஒரு வாரம்னா ஒரு வாரம், ஐயா.”

வீட்டில் என் மனைவி பெட்டியைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். மறுபடி பெட்டியைப் பார்த்தாள்.

“சரி. கை அடங்குதான்னு பாக்கலாம். ஒரு வாரம் மூடியைத் தொடாம இருந்தீங்கன்னா மடிச்ச துணியெல்லாம் அலமாரிக்குத் திரும்பும். தொட்டீங்கன்னா அக்கா வீட்டுக்குப் போகும். நானும்தான்.”

“இவ்வளவுதானா? இதெல்லாம் எனக்கு ஒரு விஷயமா?”

அவள் கண்ணயர்ந்ததும் திறந்தேன். நியாயமான காரணம் இருந்தது: உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. அது இன்னும் கவலையாக இருந்தது. பசியோ என்னவோ என்று வெங்காயச் சருகும் ஆரஞ்சுத் தோலும் போட்டேன். அடுத்த முறை திறந்தபோது அவை அப்படியே கிடந்தன. பிடிக்கவில்லை போலும் என்று தர்பூசணி ஓட்டைப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். நான் அரைப் பூசணிக்காயை அட்டைக்கடியில் மறைத்தேன்.

பெரிய தவறு அதுவும் இல்லை. மூடியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும், தொழில் புத்தி, என் வாய் தானாகவே ‘மேலே’ என்றது. இறக்கும்போது ‘கீழே’ என்றது. புழுவுக்குக் காது கிடையாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். என் புழுக்கள் படித்தவையல்ல. இரண்டே நாளில், ‘மேலே’ என்றால் விளிம்புக்கு வந்து வரிசையில் நின்றன. தடித்த புழு ஒன்று எப்போதும் வரிசையை மீறி முன்னால் வரும், யாரையும் ஏறிட்டுப் பார்க்காது. அதற்கு ‘மேனேஜர்’ என்று பெயர் வைத்தேன். கூட்டம் மிஞ்சியபோது, “எடை அதிகம், பின்னாடி இருக்கிறவங்க அடுத்த தடவை வாங்க” என்றேன். பின்வரிசை முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போயிற்று. மேனேஜர் இறங்கவில்லை.

வாரம் பாதி கழிந்தபோது என் மனைவி மூக்கைச் சுருக்கினாள்.

“ஏங்க, ஏதோ புளிச்ச வாசனை வருதே?”

“பக்கத்து வீட்டுலயா இருக்கும்.”

“பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கு.”

“அதான். பூட்டியே வெச்சா நாறாதா?”

அவள் நாற்காலியைக் கொண்டுவந்து பெட்டிக்கு எதிரில் போட்டு, உட்கார்ந்து பட்டாணி உரிக்கத் தொடங்கினாள். சின்னச் சின்ன ஈக்கள் அவள் தலைக்குமேல் வட்டமிட்டன. நான் வாசலுக்கு நழுவி, செடிக்கடைக்காரருக்குப் போன் போட்டு, தர்பூசணி, ஈ, வாசனை எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஈரம் ஏறிடுச்சு, ஐயா. தீனியும் ஜாஸ்தி. அழுகினதையெல்லாம் வெளிய எடுத்துட்டு, காய்ஞ்ச அட்டையை நிறையக் கிழிச்சுப் போடுங்க. பக்கத்துல விளக்கு எரியட்டும். வெளிச்சம் பட்டா புழு உள்ள போயிடும்.”

“அதுக்கு மூடியைத் திறக்கணுமே, தம்பி!”

“இது வரைக்கும் திறக்கவே இல்லையா?”

“சே சே.”

“அப்ப எப்படி ஐயா தர்பூசணி உள்ள போச்சு?”

போனை வைத்துவிட்டேன்.

உள்ளே வந்தால் இருப்புக் கொள்ளவில்லை. திறந்தால் மனைவி போய்விடுவாள். திறக்காவிட்டால் புழுக்கள் செத்துப்போகும். செத்தால் வாசனையே என்னைக் காட்டிக்கொடுக்கும். அப்போதும் மனைவி போய்விடுவாள். பட்டாணித் தோல் உடையும் ஒவ்வொரு சத்தத்துக்கும் என் முழங்கால் துள்ளியது. அப்பாடா, அவள் துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் போனாள். பாய்ந்துபோய் மூடியைத் தூக்கினேன். அன்று வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் தூக்கினேன். ஆனாலும் எல்லாம் விளிம்பில் நின்றன. முன்வரிசையில் மேனேஜர். அழுகிய பூசணியை அள்ளிச் சட்டைக்குள் போட்டேன், கிழித்த அட்டையைக் கொட்டினேன், மூடினேன். மூடி தானாகவே எழும்பியது. அழுத்தினேன். மறுபடி எழும்பியது. வேறு வழியில்லாமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

உள்ளே ஏதோ கலந்து பேசுகிற சலசலப்பு. பிறகு, அவ்வளவு மெதுவாக, ஒரு குலுக்கல்கூட இல்லாமல், நான் மேலே போனேன். அத்தனை புழுக்களும் ஒன்றாகத் திரண்டு மூடியையும் என்னையும் தூக்கின. சமையல் மேடை இறங்கியது. அலமாரியின் தலை இறங்கியது. அதன்மேல் எப்போதோ தொலைந்த கத்தரிக்கோலைப் பார்த்தேன். மின்விசிறியின் இறக்கையில் விரலளவு தூசி. வாழ்நாள் முழுக்கப் பிறரை ஏற்றினேன். என்னை ஒருவர் ஏற்றியது அன்றுதான். திறக்கவோ மூடவோ எனக்கு அங்கே எதுவும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

காலி வாளியுடன் உள்ளே வந்தவள் தலையை நிமிர்த்தினாள்.

“எங்க போறீங்க?”

“தெரியல. கூட்டிட்டுப் போறாங்க.”

“மூடியைத் திறந்தீங்களா?”

“இப்ப நான் திறக்கல. அதுங்கதான்.”

“சட்டையில என்ன ஒழுகுது?”

“பூசணிக்காய்.”

முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தரத்தில் தொங்கிய என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். அது ஆடவில்லை. வேறு யாருடைய காலோ போல அமைதியாகத் தொங்கியது.

“அடங்கிடுச்சே!” என்றாள் மெதுவாக. பிறகு பெட்டியைப் பார்த்து, பழைய குரலில், “போதும். கீழே!” என்றாள்.

அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். இறக்கிவிட்டன. இந்த வீட்டில் யார் சொல்லைக் கேட்கவேண்டும் என்று புழுக்களும் தெரிந்து வைத்திருந்தன.

மடித்த துணிகள் அன்றே அலமாரிக்குத் திரும்பின. நான் கதவை மூடப் போனேன். என் கையை விலக்கிவிட்டு அவளே மூடினாள். பிறகு நாங்கள் இருவரும் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, திறக்காமல், பேசாமல், இருட்டும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

என் மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் கழித்துத்தான் அந்தப் பெட்டியை வாங்கினேன். நாக்கைப் பொடியாகவே நறுக்குங்கள்.