மேல்படியில் விரித்த மேலங்கி

சமாரியாவில் ராஜா செத்தால் முதலில் தெரிவது எனக்குத்தான். எக்காளம் ஊதுவதற்கு முன்பே என் தொட்டிகள் நிறைந்துவிடும். நான் ஏலேஸ், கீழ்ச்சுனையில் துணி வெளுப்பவன். இந்த வருஷம் இதோடு மூன்றாவது ராஜா. முதலாமவனை இரண்டாமவன் கொன்றான். இரண்டாமவனை இன்று விடியற்காலையில் மூன்றாமவன் கொன்றுவிட்டான். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். அவர்களுக்கே தெரியுமோ என்னவோ.

புது ராஜா அரண்மனைப் படியேறும்போது படைத்தலைவர்கள் தங்கள் மேலங்கியைக் கழற்றிப் படியில் விரிக்க வேண்டும். மேல்படியில் அவனை நிறுத்தித் தலையில் எண்ணெய் ஊற்றுவார்கள். வெள்ளைப்போளமும் இலவங்கமும் போட்ட வாசனை எண்ணெய் அது. தாடி வழியே சொட்டி மேல்படி அங்கியை நனைக்கும். அவன் இறங்கும்போது அந்த எண்ணெய் காலோடு ஒட்டிக்கொண்டு கடைசிப் படி வரை எல்லா அங்கியிலும் கறையாகும். மேல்படியில் அங்கி விரித்தவன் அந்தக் கறையைக் காட்டினால் யாரோ ஓர் ஏழையிடம் பிடுங்கிய திராட்சைத் தோட்டம் கிடைக்கும். ராஜா செத்துவிட்டாலோ, அவன் ஆள் என்று காட்டிக்கொடுக்கும் அதே கறை கழுத்துக்குக் கத்தி. போன முறை கறையோடு அகப்பட்ட ஏழு பேரைப் பட்டண வாசலிலேயே வெட்டினார்கள்.

ஆகவே இன்று விடியும்போதே நாற்பது தலைவர்கள் சுனையில் வந்து நின்றார்கள். நேற்றுவரை என்னை ஏறெடுத்தும் பாராதவர்கள் "ஏலேஸ் அண்ணே, ஏலேஸ் அண்ணே" என்று குழைகிறார்கள். உவர்மண்ணும் சாம்பலும் போட்டு மிதித்தேன். கால் வெந்துபோயிற்று. நாற்பது பேர் வந்தும் வரவேண்டிய படைத்தலைவன் ஒருவன் மட்டும் வரவில்லை. என் தங்கை ஒக்லாளின் புருஷன் அகியோதான். போன ராஜா பட்டமேற்ற அன்று எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு மேல்படியில் அங்கியைப் போட்ட புத்திசாலி அவன்.

கடைசி அங்கியைப் பிழிந்து கொடுத்துவிட்டு அவன் வீட்டுக்கு ஓடினேன். குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஒக்லாள் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"மாப்ளே, எந்திரி! ராஜா செத்துட்டான்!"

"எந்த ராஜா?"

"இருந்ததே ஒருத்தன்தானேய்யா! அங்கியைக் குடு, கறையை எடுக்கணும்."

அவன் அங்கியை மார்போடு அணைத்துக்கொண்டான். "தோட்டம் இன்னும் கைக்கு வரல மச்சான். கறை போச்சுன்னா எதைக் காட்டிக் கேப்பேன்?"

"தர்றேன்னு சொன்னவனே போயிட்டானே!"

"அவன் போனா என்ன? அரண்மனைச் சொல்லு அரண்மனைச் சொல்லுதானே?"

கர்த்தருடைய ஜீவனாணை, அந்த நிமிஷம் நானே அவனைக் கொன்றிருப்பேன். ஒரு பக்கம் நான் இழுத்தேன், மறுபக்கம் அவன் இழுத்தான். "குடுத்துத் தொலைங்களேன், உங்க கால்ல விழறேன்," என்று ஒக்லாள் கெஞ்சினாள். அதற்குள் எக்காளம் ஊதிவிட்டார்கள். அவன் என்னைத் தள்ளிவிட்டு அங்கியும் கையுமாக ஓடினான். நாங்கள் பின்னால் ஓடினோம்.

முற்றத்தில் கூட்டம். படி முழுக்க அங்கி விரித்திருந்தது. நாற்பதிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் காயவைக்க எவனுக்கு நேரம் இருந்தது? மேல்படியில் ஒன்று மட்டும் காய்ந்து கிடந்தது. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. படுபாவி, மறுபடியும் இடித்துத் தள்ளிக்கொண்டு மேலே போயிருக்கிறான்!

புது ராஜா முதல் படியில் கால் வைத்தான். சளக் என்றது. இரண்டாம் படியிலும் சளக். நின்று காலைத் தூக்கிப் பார்த்தான்.

"ராத்திரி மழை பேஞ்சுதா?"

நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். அவற்றை வெளுத்த நானும் தரையைத்தான் பார்த்தேன். அவன் ஒவ்வொரு படியாகச் சளக் சளக் என்று ஏறி மேலே போனான். குனிந்து அந்தக் காய்ந்த அங்கியை எடுத்து மோந்தான்.

"இது யாருது?"

அகியோ முன்னால் வந்தான். ஒக்லாளின் நகம் என் கையில் பதிந்தது.

"ஏண்டா கழுவல?"

"தோட்டம் ஒண்ணு வரவேண்டியிருக்கு ராஜாவே."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான்.

"நாப்பது பேர் விடியறதுக்குள்ள பழைய ராஜாவைக் கழுவிட்டு வந்திருக்கானுங்க. இவன் ஒருத்தன்தான் கழுவல. இனிமே இவன்தான் என் மெய்க்காவலன். ராத்திரியும் பகலும் எனக்குப் பின்னாலயே நிக்கட்டும். தோட்டத்தையும் குடுங்க."

சாயங்காலம் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒக்லாள் தட்டு நிறைய அத்திப்பழ அடையோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாயைத் திற அண்ணே! அவருக்கு விவரம் பத்தாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்ப? இப்பப் பாத்தியா, ராஜாவுக்கு நிழல் மாதிரி நிக்கிறாரு!"

எரிச்சலில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏண்டி, நேத்துவரைக்கும் அந்த இடத்துல நின்னவன் எங்க?"

"அவரா? காலையில ராஜாவைக் குத்தும்போது குறுக்க விழுந்தாராம். அவரையும் சேத்து..." என்றவள் நிறுத்தினாள். தட்டைத் தொட்டியின் விளிம்பில் வைத்தாள்.

"நான் வர்ற வழியில அவர் பொண்டாட்டி வாசல்ல கிடந்து அழுதுட்டிருந்தா அண்ணே," என்றாள். "அடை ஆறிடுமேன்னு நான் நிக்காம வந்துட்டேன்."