ஈயக் கிண்ணம்

பஸ் டிப்போவில் எல்லோருக்கும் அவன் ‘புதுமாப்பிள்ளை’. கல்யாணமாகி ஒரு வருஷம் ஓடியும் அந்தப் பெயர் போகவில்லை. விதைப்பையில் புற்றுக்கட்டி வந்து ஒரு விதையை எடுத்தபோது, ‘குடல் இறக்கம்’ என்று சக ஓட்டுநர்களிடம் சொல்லி வைத்தான். உண்மை அவன் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

வயிற்றுக்குள் நோயின் மிச்சம் மீதி இருந்தால் அழிக்கக் கதிர்வீச்சு கொடுக்கவேண்டும் என்றார்கள். அளவைக் கணக்கிடும் இயற்பியலாளர் ஒரு அம்மா. இரண்டாகப் பிரியும் கனத்த ஈயக் கிண்ணம் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

“வயித்துக்குக் குடுக்கற கதிர் கொஞ்சம் சிதறும். விந்து உருவாகற இடம் அதைத் தாங்காது. அதனால மிச்சமிருக்கற விதையை இதுக்குள்ள வச்சு மூடிடுவோம்.”

“அப்ப ஒரு துளிகூடப் படாதா மேடம்?” மனைவி கேட்டாள்.

“படும். உடம்புக்குள்ளயே சிதறி வர்றதை முழுசா நிறுத்த முடியாது. ஆனா ரொம்பக் குறைச்சிடலாம்.”

“பூசி மெழுகாம சொன்னீங்களே, அது போதும்.” கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தாள். “அம்மாடி, என்ன கனம்! ராஜா கவசம்தான் போங்க.”

அவன் கூச்சத்தில் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் வாரம் ஒரு வயதான தொழில்நுட்பர் கிண்ணத்தைப் பொருத்தினார். அடுத்த திங்கட்கிழமை அவர் விடுப்பு. புதிதாக வந்த இளம்பெண் அவன் வயிற்றிலிருந்த குறிகளில் ஒளிக்கோடுகளைச் சரிபார்த்தாள்.

“ஆடாமப் படுங்கண்ணா,” என்று வெளியே போனாள்.

கிண்ணம் அலமாரியிலேயே இருந்தது. தங்கை வயசுப் பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது? தடித்த கதவு மெல்ல மூடத் தொடங்கியது. இன்றைக்கு வெட்கப்பட்டால் காலம் பூராவும் வருத்தப்பட வேண்டியதுதான். கையைத் தூக்கிக் கத்தினான்.

“நிறுத்துங்க! என் கிண்ணத்த வைக்கல!”

ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது: “எந்தக் கிண்ணம்ணா?”

“ஈயக் கிண்ணம்மா! மிச்சமிருக்கற ஒண்ணையாவது காப்பாத்தணும்ல!”

அவள் ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது. சிகிச்சைக் குறிப்பை மறுபடி படித்து, ஒழுங்காகப் பொருத்தினாள்.

“மன்னிச்சிருங்கண்ணா.”

“இன்னும் சுவிட்சே போடலையே. விடும்மா.”

வெளியே மனைவி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“உங்க சத்தம் இங்க வரைக்கும் வந்துச்சு.”

“எல்லாருக்கும் கேட்டுச்சா?”

“எல்லாருக்கும்தான். பக்கத்துல இருந்த பெரியம்மா, ‘உள்ள சாப்பாடு போடறாங்களா’ன்னு என்னைக் கேட்டாங்க!”

அவனுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை பேருக்குத் தெரிந்த பிறகு யாரிடம் என்ன மறைப்பது? அன்று மாலையே டிப்போவுக்குப் போய் உண்மையைச் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. கிளம்பும்போது ஒரு ஓட்டுநர் பின்னாலேயே வந்தார்.

“எனக்கும் அங்க ஒரு வீக்கம் இருக்கு மாப்ள. வீட்ல கூடச் சொல்லல.”

“நாளைக்கே போறோம். நான் வர்றேன்.”

மறுநாள் கையோடு கூட்டிப்போனான். பரிசோதித்ததில் அது வெறும் நீர் கோத்த வீக்கம், புற்று இல்லை. அந்த மனிதர் ஆஸ்பத்திரி வாசலிலேயே அவனைக் கட்டிக்கொண்டார்.

சிகிச்சை முடிந்தது. குழந்தைக்குக் கொஞ்ச காலம் பொறுக்கச் சொன்னார் மருத்துவர், பொறுத்தார்கள். கெடு முடிந்து எடுத்த ஸ்கேனில் நோய் இல்லை, விந்துப் பரிசோதனையும் நன்றாக இருந்தது. மனைவி வாயைத் திறப்பதற்குள் அவனே கேட்டான்.

“இனிமே குழந்தை பெத்துக்கலாமா டாக்டர்?”

“தாராளமா!”