திரும்பி வந்த புகை

மேலூர் சாலையில் அருள்பாண்டியின் வார்ப்புப் பட்டறையிலிருந்து கப்பலேறிய புகை, ஐரோப்பாவில் எடை போடப்பட்டு, ஆடி மாதம் பெட்டியோடு திரும்பி வந்தது. அது பெட்டிக்குள் போனதற்கு அவர் மனைவி மாயக்காள்தான் காரணம் என்பார்கள். ஐரோப்பியச் சாக்கடைகளுக்கு இரும்பு மூடி வார்த்து அனுப்புவது பட்டறையின் தொழில். சாக்கடை மூடிக்கும் கண்ணேறு படும் என்று, ஆணி அடிக்குமுன் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அவள் சாம்பிராணி காட்டுவாள். அதுவரை கூரை வழியே மேலே போய்க்கொண்டிருந்த உலைப்புகை, சாம்பிராணியின் பின்னாலேயே பெட்டிக்குள் போய் உட்காரப் பழகிவிட்டது. யாருக்கும் அது குறையாகப் படவில்லை.

இனி இரும்போடு அதை உருக்கிய புகைக்கும் வரி உண்டு என்று ஐரோப்பாவிலிருந்து சேதி வந்தது. உலையைப் பார்த்துக்கொண்ட கூட்டாளி சேக் இஸ்மாயில் இருமிக்கொண்டே சொன்னார்: "நெலக்கரிய விட்டுட்டு கரண்டு உலைக்கு மாறிருவோம் தம்பி. எனக்கும் நெஞ்சு தாங்கல."

"நாடு நாடா அடிச்சுக்கிட்டு கெடக்குறப்ப எவன்ணே புகைய எடை போட்டுப் பாப்பான்? சண்டை முடியட்டும், மாத்திருவோம்," என்றார் அருள்பாண்டி.

சண்டை முடியவில்லை. செங்கடலில் ஏவுகணை பறந்ததால் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது. அடைந்து கிடந்த புகை வழியெல்லாம் வளர்ந்து, ஐரோப்பியத் துறைமுகத்தில் பெட்டியைத் திறந்ததும் கிரேன் உயரத்துக்கு எழுந்து நின்றது. அதிகாரிகள் பொறுமையாக எடை போட்டார்கள். வரி மூடியின் விலையைத் தாண்டியது. வாங்குகிறவன் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டான். சுற்றிப் போன கப்பல் விட்ட புகையையும் பீரங்கிகள் விட்ட புகையையும் அந்தத் தராசில் யாரும் வைக்கவில்லை. இஸ்மாயிலின் நெஞ்சுக்குள் போனதையும் வைக்கவில்லை. பெட்டி கடலில் திரும்பிக்கொண்டிருந்தபோது அவர் மூச்சுத் திணறி இறந்துபோனார்.

தூத்துக்குடியிலிருந்து வந்த பெட்டியை அருள்பாண்டியே திறந்தார். புகை எழுந்து, உலைக்கு முன்னால் இஸ்மாயில் எப்போதும் உட்காரும் இரும்பு ஸ்டூலில் போய் உட்கார்ந்தது. "அப்பவே மாத்தியிருக்கணும்ணே," என்று அதைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வேலையாட்கள் பார்க்க அழுதார்.

இப்போது அங்கே கரண்டு உலைதான் ஓடுகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊர் பேசியது, அவர் மறுக்கவில்லை. சண்டை இன்னும் நடக்கிறது. அந்த ஸ்டூலை யாரும் நகர்த்துவதில்லை. டீ வரும்போது மாயக்காள் அதன் பக்கத்திலும் ஒரு கிளாஸ் வைக்கிறாள். ஆறிய பிறகு எடுத்துக் கழுவிவைக்கிறாள்.